முதுகு வலியும் நீர்க்கட்டியும்: பயப்பட வேண்டாதது எது, மறைக்கக் கூடாதது எது?

(நமது அறக்கட்டளை லால்பேட்டையில் நடத்திய மருத்துவ வழிகாட்டல் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





முதுகு வலி இல்லாத வீடு நம் ஊரில் எத்தனை இருக்கும்? கொடிக்காலில் குனிந்து நிமிர்ந்தவர்கள், வயலில் நாற்று நட்டவர்கள், கடையில் 25 கிலோ அரிசி மூட்டையை இறக்குகிறவர்கள், வளைகுடா நாடுகளில் பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்கள், வீட்டில் தண்ணீர்க் குடத்தையும் கேஸ் சிலிண்டரையும் நகர்த்துகிற பெண்கள் என்று எல்லோருக்கும் இந்த வலி பழக்கமானது. பழக்கமானது என்பதாலேயே அதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தைலம் தேய்க்கிறோம், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்குகிறோம், வேலையைப் பார்க்கிறோம்.

நாங்கள் மருத்துவர்கள் அல்ல. உதவி கேட்டு வரும் குடும்பங்களோடு சிதம்பரத்துக்கும் புதுச்சேரிக்கும் போய் வந்தபோது மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறோம். இதைப் பேசியே ஆக வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதற்கு இரண்டு சம்பவங்கள் காரணம். யாரென்று தெரியாதபடி சொல்கிறோம். கேட்பவர்களும் யாரென்று ஆராய வேண்டாம்.

முதல் சம்பவம். ஒரு சகோதரர் தன் மனைவியின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறிக்கையோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அறிக்கையின் கடைசி வரியில் 'டார்லோவ் சிஸ்ட்' என்று இருந்தது. முதுகெலும்பில் கட்டி என்றால் புற்றுநோய்தான் என்று வீட்டில் அழுது முடித்திருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் அறிக்கையை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, உடனே ஆபரேஷன் செய்யுங்கள், பணம் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தார். நகையை அடகு வைக்கவும் ஏற்பாடு ஆகிவிட்டது. நரம்பியல் அறுவை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சகோதரியின் கால் பலத்தையும் உணர்ச்சியையும் பரிசோதித்தார். பிறகு, "இந்தக் கட்டி பிறகு எப்போது வந்ததென்றே தெரியாது, இதற்கும் உங்கள் வலிக்கும் சம்பந்தம் இல்லை, வலி தசையிலிருந்து வருகிறது" என்றார். பிஸியோதெரபி எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் அந்தச் சகோதரி சரியாகிவிட்டார்.

இரண்டாவது சம்பவத்தைச் சொல்ல எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. ஐம்பது வயதைக் கடந்த ஒரு தாயார், தன் மகள் மூலமாக எங்களிடம் ஒரு மஸ்அலா கேட்டனுப்பினார். சிறுநீர் தானாகக் கசிகிறது, உளூ நிற்பதில்லை, தொழுகைக்கு என்ன செய்வது என்பது கேள்வி. மார்க்கத்தில் இதற்குச் சலுகை உண்டு. நாங்கள் ஆலிம் ஒருவரிடம் கேட்டு, சரியான பதிலைச் சொல்லியனுப்பினோம். கடமை முடிந்தது என்று நினைத்தோம்.

எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, இடுப்பு வலி உண்டா, கால் மரத்துப்போகிறதா என்று ஒரு வார்த்தை நாங்கள் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து அந்தத் தாயாரால் குளியலறையிலிருந்து எழுந்து வர முடியவில்லை. மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனில், இடுப்பெலும்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே, மூட்டிலிருந்து கிளம்பிய ஒரு நீர்க்கட்டி நரம்புகளை நசுக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. கால்களில் பலம் பெருமளவு திரும்பியது. சிறுநீர்க் கட்டுப்பாடு முழுமையாகத் திரும்பவில்லை. இன்றும் அவர் தானே ஒரு சிறு குழாயை வைத்துத்தான் சிறுநீர் கழிக்கிறார். "கொஞ்சம் முன்னால் வந்திருந்தால்" என்று மருத்துவர் சொன்னபோது நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். சட்டம் சொன்னோமே தவிர, நோயை விசாரிக்கவில்லை.

இரண்டு வீட்டிலும் இருந்தது நீர்க்கட்டிதான். ஒரு வீடு ஸ்கேன் காகிதத்தைப் பார்த்துப் பதறியது. மற்ற வீட்டில் உடம்பு கொடுத்த எச்சரிக்கையை வெட்கம் மூடி மறைத்தது. எதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, எதை ஒரு நாள்கூட மறைக்கக் கூடாது என்பதுதான் இன்றைய பேச்சின் சாரம்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். முதுகெலும்பு என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புகள். கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே ஒன்றாக ஒட்டிப்போன திரிக எலும்பு, கடைசியில் வால் எலும்பு. இந்த எலும்புகளுக்கு நடுவே ஒரு கால்வாய் ஓடுகிறது. மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் அதற்குள் இருக்கிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் எலும்பு அளவிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் கொத்தாகத் தொங்கும். பார்ப்பதற்குக் குதிரையின் வால் போல இருப்பதால் மருத்துவர்கள் அதற்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். காலை அசைப்பது, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது, உட்காரும் பகுதியின் உணர்ச்சி எல்லாம் இந்த நரம்புக் கொத்தின் பொறுப்பு. இவற்றைச் சுற்றி ஒரு சவ்வு உறையும், அதற்குள் தெளிந்த நீரும் உண்டு.

இந்தக் கால்வாய் குறுகியது. நம் வீராணம் வாய்க்காலில் ஒரு இடத்தில் ஏதாவது அடைத்துக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது அல்லவா? அதுபோல இங்கே எது இடத்தை அடைத்தாலும் கீழே உள்ள நரம்பு திணறும். டிஸ்க் பிதுங்கினாலும் சரி, எலும்பு வளர்ந்தாலும் சரி, நீர்க்கட்டி வந்தாலும் சரி, அழுத்தம் அழுத்தம்தான்.

நீர்க்கட்டி என்றதும் நம் பெண்களுக்குக் கர்ப்பப்பை நீர்க்கட்டி ஞாபகம் வரும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. திரவம் நிறைந்த சிறு பை எங்கே இருந்தாலும் அதற்கு 'சிஸ்ட்' என்றே பெயர். முதுகெலும்பில் வருபவற்றில் மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, டார்லோவ் நீர்க்கட்டி. இசடோர் டார்லோவ் என்ற மருத்துவர் கனடாவின் மாண்ட்ரியலில் 1938-ல் இதை விவரித்ததால் இந்தப் பெயர். திரிக எலும்புப் பகுதியில், நரம்பின் வேரைச் சுற்றியுள்ள உறை பலூன் போல உப்பி, உள்ளே நீர் தேங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலானவர்களுக்கு இது எந்தத் தொல்லையும் தருவதில்லை. வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவரும். சிலருக்கு மட்டும் கட்டி பெரிதாகி, உட்கார்ந்தால் வலி, வால் எலும்புப் பகுதியில் எரிச்சல், கால் மரத்துப்போதல் என்று தொந்தரவு கொடுக்கும்.

இரண்டு, மூட்டு நீர்க்கட்டி. முதுகெலும்புகளுக்குப் பின்பக்கம் சிறு சிறு மூட்டுகள் உண்டு. வயது ஏற ஏற முழங்கால் தேய்வதுபோல அவையும் தேய்கின்றன. தேய்ந்த மூட்டின் உறை பிதுங்கி நீர் கோத்துக் கட்டியாகிறது. அதிக அசைவு உள்ள நான்காவது, ஐந்தாவது இடுப்பெலும்புகளுக்கு நடுவில்தான் இது பெரும்பாலும் வரும். இடுப்பிலிருந்து ஒரு காலில் மின்சாரம் போல இறங்கும் வலி, கொஞ்ச தூரம் நடந்ததும் கால் கனத்து உட்காரத் தோன்றுவது, உட்கார்ந்ததும் குறைவது ஆகியவை இதன் அடையாளங்கள். டிஸ்க் விலகலிலும் கால்வாய் சுருக்கத்திலும் இதேபோல வலி வரும் என்பதால், எது காரணம் என்பதை எம்.ஆர்.ஐ. பார்த்துத்தான் சொல்ல முடியும். சாதாரண எக்ஸ்ரேயில் நீர்க்கட்டியும் நரம்பும் தெரியாது.

மூன்று, தண்டுவடத்தைச் சுற்றிய சவ்விலிருந்து வரும் நீர்க்கட்டி. சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும், சிலருக்கு அடிபட்ட பிறகோ நோய்த்தொற்றுக்குப் பிறகோ வரும். இது அரிது.

இந்த மூன்றுமே புற்றுநோய் அல்ல. 'சிஸ்ட்' என்று அறிக்கையில் எழுதியிருப்பதால் மட்டும் ஆபரேஷன் தேவைப்படாது. ஸ்கேன் எடுப்பவர் கண்ணில் பட்ட அனைத்தையும் எழுத வேண்டும், அது அவர் கடமை. வலியே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் நாற்பது வயதுக்கு மேல் ஏதாவது தேய்மானம், ஏதாவது பிதுக்கம் இருக்கத்தான் செய்யும். வலி வருகிற இடமும், பரிசோதனையில் தெரிகிற பலவீனமும், படத்தில் தெரிகிற கட்டியும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று நரம்பியல் மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே அறிக்கையைப் படித்துவிட்டு வீட்டில் முடிவு எடுக்காதீர்கள். அதை வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்காதீர்கள்.

இங்கே கட்டியல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் முதுகெலும்பில் காசநோய் வருவது உண்டு. நெஞ்சில் மட்டும்தான் டி.பி. வரும் என்று நினைக்க வேண்டாம். எலும்பு அரித்து, பக்கத்தில் சீழ் கட்டி, அது தண்டுவடத்தை அழுத்தும். முதுகு வலியோடு மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் மெலிவு, பசியின்மை இருந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். இதில் நமக்கு ஆறுதலான செய்தி நம் சென்னையிலிருந்தே வந்தது. 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் சிகிச்சை ஆய்வு மையம், நோயாளி வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்பதை உலகத்துக்குக் காட்டியது. பின்னர் முதுகெலும்புக் காசநோயிலும், தகுந்தவர்களுக்குப் பெரிய அறுவை சிகிச்சை இல்லாமல், நடமாடிக்கொண்டே மருந்தினால் குணமாக முடியும் என்று சென்னையில் நடந்த ஆய்வுகள் காட்டின. காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். நடுவில் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

இனி, மறைக்கக் கூடாதவை. தாய்மார்கள் மிகவும் கவனமாகக் கேளுங்கள். முதுகு வலி உள்ளவருக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

ஒன்று, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமல் கசிவது. சிறுநீர் நிறைந்திருப்பதே உணராமல் போவது.

இரண்டு, மலத்தை அடக்க முடியாமல் போவது.

மூன்று, சைக்கிள் சீட்டில் படும் பகுதி, அதாவது மறைவிடத்தைச் சுற்றியும் பின்பக்கமும் மரத்துப்போவது. கழுவும்போது கை படுவதே தெரியவில்லை என்றால் அதுதான் இது.

நான்கு, இரண்டு காலிலும் வலியோ பலவீனமோ வருவது. நடக்கும்போது பாதம் தொங்குவது, காலிலிருந்து செருப்பு கழன்றுவிழுவதே தெரியாமல் போவது.

இவை நரம்புக் கொத்து நசுங்குவதற்கான அடையாளங்கள். இங்கே கணக்கு நாளில் அல்ல, மணியில். அழுத்தத்தைச் சீக்கிரம் எடுத்தால் நரம்பு பிழைக்கும் வாய்ப்பு அதிகம். தாமதித்தால் ஆபரேஷன் நன்றாக நடந்தும் இழந்தது திரும்பாமல் போகலாம். நடுஇரவு என்றாலும் 108-ஐ அழையுங்கள்.

இவை தவிர, படுத்தாலும் குறையாத இரவு வலி, காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் சிகிச்சை எடுத்தவருக்குப் புதிதாக முதுகு வலி, விழுந்து அடிபட்ட பிறகு வரும் கடும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் பெண்கள் ஏன் சொல்வதில்லை? மகனிடம் எப்படிச் சொல்வது, ஆண் டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்ற தயக்கம்தான். நாணம் ஈமானின் ஒரு பகுதி என்று படித்தவர்கள் நாம். ஆனால் அந்த நாணம் சிகிச்சைக்குத் தடையாக வைக்கப்பட்டதல்ல. பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடம் காட்டலாம். கிடைக்காதபோது தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை என்று நம் ஆலிம்கள் பலமுறை விளக்கியிருக்கிறார்கள். பரிசோதனையின்போது நர்ஸ் ஒருவர் உடன் இருக்கட்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கணவர்மார்களே, மகன்களே! "அம்மா, ஒண்ணுக்குப் போறதுல ஏதும் சிரமம் இருக்கா?" என்று நீங்களே கேளுங்கள். நீங்கள் கேட்கக் கூசினால் அவர்கள் சொல்லக் கூசுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடமும் இதைக் கேளுங்கள். வேலை போய்விடும், விசா போய்விடும் என்று வலியை மறைத்துக்கொண்டு பாரம் தூக்குகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

சிகிச்சை என்ன என்று பார்ப்போம். இந்த நீர்க்கட்டியைக் கரைக்கும் மாத்திரை எதுவும் இல்லை. கரைக்கிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள். தொல்லை தராத கட்டியை அப்படியே விட்டுவிடலாம். சில நேரம் மூட்டு நீர்க்கட்டி தானாகவே சுருங்கிவிடுவதும் உண்டு. வலி இருந்தால் மருத்துவர் தரும் மருந்து, பிஸியோதெரபி, தேவைப்பட்டால் ஊசி. சிலருக்கு ஊசியால் நீரை எடுப்பார்கள். ஆனால் நீர் மறுபடி சேரலாம். நரம்பு பலவீனப்படும்போதும், வலி வாழ்க்கையை முடக்கும்போதும்தான் அறுவை சிகிச்சை.

செய்யக் கூடாதவையும் உண்டு. கால் மரத்திருக்கும்போது எண்ணெய் போட்டு மிதிக்கச் சொல்வது, எலும்பை நெட்டி முறிக்கச் சொல்வது ஆபத்து. உணர்ச்சி இல்லாத இடத்தில், அதிலும் சர்க்கரை நோயாளிகள், சுடுநீர் ஒத்தடம் வைத்தால் தோல் வெந்துபோவதே தெரியாது. வலி மாத்திரையைச் சீட்டில்லாமல் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். வாரக்கணக்கில் கட்டிலோடு படுத்துக் கிடப்பதும் தவறு. சாதாரண முதுகு வலிக்கு மெல்ல நடப்பதே நல்லது. நிறைந்த கேஸ் சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ. அதைத் தனியாகத் தூக்காதீர்கள், முழங்காலை மடக்கி இருவராகத் தூக்குங்கள்.

தொழுகையைப் பற்றியும் கேட்கிறார்கள். ருகூவும் ஸஜ்தாவும் சாதாரண முதுகு வலிக்குக் கெடுதல் செய்வதில்லை. ஆனால் குனிந்தால் காலில் வலி பாய்கிறது, மருத்துவர் குனிய வேண்டாம் என்கிறார் என்றால், உட்கார்ந்து தொழலாம். அதற்கும் முடியாதவர் படுத்துத் தொழலாம். இந்தச் சலுகையை அல்லாஹ்வே தந்திருக்கும்போது, நாற்காலியில் உட்காருபவரைப் பள்ளியில் யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க வேண்டாம். உளூ விஷயத்தில் உள்ள சலுகையையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சலுகை தொழுகைக்கானது. நோய்க்கு மருத்துவரிடம் தனியாகப் போக வேண்டும்.

எங்கே போவது? சிதம்பரம் அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று நாம் அறிந்த மருத்துவமனை இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக நடக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார்கள். முக்கால் நூற்றாண்டு அனுபவம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் வேண்டும். நோய் வந்த பிறகு ஓடாமல் இப்போதே அட்டை எடுத்துவையுங்கள். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துதர எங்கள் அலுவலகத்தில் ஆள் இருக்கிறார்.

நரம்பு பாதிக்கப்பட்டுவிட்டது, இனி என்ன வாழ்க்கை என்று யாரும் உட்கார்ந்துவிடவும் வேண்டாம். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954-ல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து, வேலூரில் அதற்கென ஒரு துறையையே உருவாக்கினார். நாம் சொன்ன அந்தத் தாயாரும் இன்று நடக்கிறார், பேரப்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறார். இந்தக் கூட்டத்தில் தன் கதையைச் சொல்லச் சம்மதித்தவரும் அவர்தான். "எனக்கு நடந்தது இன்னொரு பொம்பளைக்கு நடக்கக் கூடாது, சொல்லுங்க" என்றார்.

அவருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடனைத் தீர்க்கும் விதமாக ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். இனி முதுகு வலிக்காக உதவி கேட்டு வருகிறவர்களிடமும், உளூ நிற்பதில்லை என்று மஸ்அலா கேட்டு வருகிறவர்களிடமும், மேலே சொன்ன நான்கு கேள்விகளைக் கேட்ட பிறகுதான் மற்றதைப் பேசுவோம். பெண்களிடம் கேட்க இரண்டு சகோதரிகள் முன்வந்திருக்கிறார்கள். சொன்னது அவர்களைத் தாண்டிப் போகாது. இரவில் போக வாகனம் இல்லை, கையில் பணம் இல்லை என்றால் முதலில் போய்விடுவோம், கணக்கைப் பிறகு பார்ப்போம்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவிடம், அத்தாவிடம், மனைவியிடம் அந்த நான்கு கேள்விகளையும் ஒருமுறை கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. நம்மில் யாரும் வெட்கத்தினாலோ வறுமையினாலோ வைத்தியம் இழந்துவிடாமல் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.